வயிற்று மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பிசியோதெரபி பிரிவின் வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நானாகவும் விலகவில்லை. மரக்காணத்தில் புதிதாக ஒரு ஜிம் திறந்ததிலிருந்து அந்தக் குழுவில் வாரத்துக்கு ஒரு விளம்பரமாவது வந்து விழுகிறது. போன வாரம் வந்ததில், எண்ணெய் பூசிய உடம்போடு ஒருவர் ஏதோ தொட்டில் மாதிரி ஒன்றில் உட்கார்ந்து மடங்கி மடங்கி நிமிர்கிறார். பத்தே நாளில் வயிறு பலகையாகிவிடுமாம்.

அதை அனுப்பியவள் நிவேதா. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். "மேடம், பேஷண்ட்ஸ் தினம் இதையே கேக்கறாங்க. வாங்கச் சொல்லலாமா, வேணாமா? ஒரே வரியில சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

"வேண்டாம்" என்று ஒரே வரியில் போட்டேன். அடுத்த நிமிடமே "ஏன் மேடம்?" என்று வந்தது. அதற்கு ஒரு வரி போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் நாலரை வருடம் படித்தேன். வயிற்றுத் தசை எத்தனை அடுக்கு, எது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். பரீட்சை முடிந்ததும் பாதியை மறந்தேன். வேலைக்குச் சேர்ந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம் வருவார்கள். தோள்பட்டை, இடுப்பு, முழங்கால். என் அறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கரண்ட் வெக்கிற ரூம்'. நான் கரண்ட் வெக்கிற மேடம். விமலா என்ற என் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

அங்கே தலைமை மருத்துவர் டாக்டர் தெய்வசிகாமணி. அறுவை சிகிச்சை நிபுணர். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி உண்டு. நாம் எதைச் சொன்னாலும், "பாத்தியா, நெனச்சியா?" என்பார். "சார், அந்தப் பாட்டிக்குக் கால்ல வீக்கம் குறைஞ்சிருக்கு." "பாத்தியா, நெனச்சியா?" நேற்று பார்த்ததை வைத்து இன்று சொல்லியிருந்தால் அது நினைத்ததுதான். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இதற்குப் பயந்தே நர்சுகள் அவரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அவர் வயிற்றைப் பரிசோதிப்பதை மட்டும் நான் நேரம் கிடைத்தபோதெல்லாம் போய் நின்று பார்ப்பேன். உடனே கை வைக்க மாட்டார். கட்டிலின் கால்மாட்டில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வயிறு மூச்சோடு ஏறி இறங்குகிறதா, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா, தொப்புள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிப்பார். இரும்பச் சொல்வார். தலையை மட்டும் தூக்கச் சொல்வார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, வயிற்று மட்டத்துக்குக் கண் வரும்படி உட்காருவார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலிக்கிறது என்று சொன்ன இடத்துக்கு எட்டாத தூரத்திலிருந்து தொட ஆரம்பிப்பார். தொடும்போது வயிற்றைப் பார்க்க மாட்டார். நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். வாய் வலிக்கவில்லை என்று சொன்னாலும் புருவம் சொல்லிவிடும் என்பார்.

வயிற்று மெஷின்களைப் பற்றி எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அவர் அறையில்தான். ஒருநாள் மத்தியானம், அந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு, விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த பெஞ்சு. பத்து நிமிடம் செய்தால் உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பளவு குறையும், நாங்கள் எங்கள் நோயாளிகளுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும் என்றார். எங்கள் வார்டு உதவியாளர் ஏழுமலைக்கு நல்ல தொப்பை. அவரே முன்வந்து சட்டையைக் கழற்றினார். பிரதிநிதி டேப்பை வைத்து அளந்தார். ஏழுமலை பத்து நிமிடம் மடங்கி நிமிர்ந்து, வியர்த்து ஊற்றி எழுந்தார். மறுபடி அளந்தபோது ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். ஏழுமலை சிரித்தார்.

டாக்டர் கையை நீட்டினார். "டேப்பைக் குடுங்க தம்பி. விமலா, பேனா இருக்கா?"

ஏழுமலையின் வயிற்றில் தொப்புள் மட்டத்திலும், இரண்டு விலாப் பக்கத்திலும் பேனாவால் புள்ளி வைத்தார். "மூச்சை விடுங்க ஏழுமலை. முழுசா விடுங்க. வயித்தை லூசா உடுங்க." புள்ளிகளின் மேல் டேப்பைப் படியவிட்டு அளந்தார். முதலில் இருந்த அதே அளவு. நூல் அளவுகூடக் குறையவில்லை.

பிறகு பிரதிநிதியையே நிற்க வைத்தார். மெஷின் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு தடவை தொப்புளில் அளந்தார். "இப்ப மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி, இரண்டு விரற்கடை மேலே தூக்கி, கொஞ்சம் இறுக்கி அளந்தார். இரண்டு அங்குலம் குறைந்தது.

"உங்க மெஷினைவிட என் கை நல்லா வேலை செய்யுது" என்று டேப்பைச் சுருட்டிக் கொடுத்தார்.

அந்தப் பிரதிநிதி கோபப்படவில்லை. பெட்டியைக் கட்டும்போது, என்னிடம் மட்டும் மெதுவாக, "எங்களுக்கு டிரெய்னிங்ல அப்படித்தாங்க மேடம் அளக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எந்த மெஷினைப் பார்த்தாலும் டேப் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பேன். எத்தனையோ வகை வந்து போய்விட்டது. உருட்டுகிற சக்கரம், தொட்டில் மாதிரி ஆடுவது, இடுப்பில் கட்டினால் அதிர்கிற பெல்ட், ஒட்டிக்கொண்டால் கரண்ட் பாய்ச்சுகிற பட்டை. அந்தக் கரண்ட் ஒன்றும் அதிசயமில்லை. முகம் கோணிப்போனவர்களுக்கு என் அறையில் நான் வைப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். தசை துடிக்கும். துடிப்பதைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று நம்பிவிடுவோம். ஆனால் மெஷின் வேலை வாங்குவது உள்ளே இருக்கிற தசையிடம். கொழுப்பு அதற்கு மேலே படுத்துக்கொண்டிருக்கிறது. கீழ்வீட்டுக்காரன் ஓடினால் மாடிவீட்டுக்காரனுக்கு உடம்பு இளைக்குமா? கொழுப்பு கரைந்தால் உடம்பு முழுக்கத்தான் கரையும், எங்கிருந்து முதலில் என்பதை உடம்புதான் தீர்மானிக்கும். தசையைப் பலப்படுத்த வேண்டும் என்றால் அதற்குத் தரை போதும், ஒரு பாய் போதும்.

எங்கள் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. உப்புக்காற்று. ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, மெல்லிசு ஸ்பிரிங்கை விடுமா? உப்பு வியாபாரி ஒருவர் வாங்கின மெஷினில் நாலாம் மாதம் ஸ்பிரிங் தெறித்து, கைப்பிடி வந்து தாடையில் அடித்தது. நாலு தையல். அவர் காயத்தைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கேரண்டி அஞ்சு வருசம்னு போட்டிருந்தான் மேடம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒருவருக்கு வயிறு நிஜமாகவே இறங்கி நான் பார்த்திருக்கிறேன். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். ஆறு மாதம் மெஷினை விடாமல் செய்தார். விசாரித்தால், அதே ஆறு மாதமாக ராத்திரி பரோட்டாவை விட்டிருக்கிறார், காலையில் தீர்த்தவாரிக் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். "நீங்க இன்னா சொன்னாலும் சரி, மெஷினாலதான் மேடம்" என்றார். நான் விவாதிக்கவில்லை. மெஷின் மேல் வைத்த நம்பிக்கை அவரைப் பரோட்டாவிலிருந்து காப்பாற்றியது என்றால் எனக்கென்ன நஷ்டம்.

இதையெல்லாம் சேர்த்து என்னிடம் ஒரு பிரசங்கமே தயாராகிவிட்டது. யாராவது மெஷின் என்று வாயெடுத்தால் போதும், டேப் கதையிலிருந்து ஸ்பிரிங் கதை வரைக்கும் சொல்வேன். நோயாளிகள் சிரிப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. நிவேதா அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவளும் ஓரமாக நின்று கேட்பாள்.

அந்தப் பிரசங்கம்தான் என்னை ஏமாற்றியது.

என் சர்வீஸின் கடைசி வருடங்களில், கோடை உச்சத்தில், தனக்கோட்டி வந்தார். நாற்பத்தாறு வயது. உப்பளத்தில் பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரைக்குச் சுமக்கிற வேலை. கணவர் இறந்து ஆறு வருடம். கூட வந்தது மகன் பிரகாஷ். திண்டிவனம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, இருபத்துநாலு வயதிருக்கும். தனக்கோட்டி புடவைத் தலைப்பை முன்னால் இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகியிருந்தார். அந்த வெயிலில் அவ்வளவு போர்த்திக்கொண்டு வந்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"இன்னாம்மா பண்ணுது?"

"இடுப்பு புடிச்சிக்குது மேடம். குனிஞ்சா நிமிர முடில."

மகன் குறுக்கே பேசினான். "வயிறு போட்டுடுச்சு மேடம். அதுக்கு மெஷின் வாங்கியாந்து குடுத்தேன். ரெண்டு மாசமா பண்றாங்க. அதுல இருந்துதான் இடுப்பு வலின்றாங்க." போனை நீட்டி மெஷினின் படத்தைக் காட்டினான். மடங்கி நிமிர்கிற பெஞ்சு.

எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. காரணம் கையில் கிடைத்துவிட்டது. என் பிரசங்கத்தை முழுவதும் சொன்னேன். பிரகாஷ் சிரிக்கவில்லை. தனக்கோட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகுக்குச் சூடு வைப்பதற்காகக் குப்புறப் படுக்கச் சொன்னேன். படுத்தார், உடனே கையை ஊன்றி எழுந்துவிட்டார். "மூச்சு முட்டுது மேடம். என்னமோ மேல ஏறுது." சரி, ஒருக்களித்துப் படுங்கள் என்று சொல்லி, முதுகில் சூடு வைத்தேன். பத்து நாள் வரவேண்டும், மெஷினைத் தொடவே கூடாது என்று சீட்டில் எழுதினேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஒரு பெண்ணால் குப்புறப் படுக்க முடியவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. வசதியாக இன்னொரு பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் தினமும் தனியாக வந்தார். வலி கொஞ்சம் குறைந்தது. எட்டாம் நாள், அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தபோது கேட்டார்.

"மெஷினு வேணான்னீங்க. வேற எதுனா இருக்குதா மேடம், வயிறு சீக்கிரம் எறங்கறதுக்கு? மாத்திரை மாதிரி?"

"எதுக்கு இவ்ளோ அவசரம்? மெதுவாக் குறையட்டுமே."

நான் கருவியை அணைத்துவிட்டுத் திரும்பினேன். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே பேசினார்.

"உப்பளத்துல பொம்பளைங்க பேசறாங்க மேடம். தலைச்சுமை தூக்கறப்போ இடுப்பப் பாக்கறாங்க. ஒருத்தி நேராவே கேட்டுட்டா, எத்தினி மாசம்னு. எல்லாரும் சிரிச்சாங்க. விளையாட்டுக்குக் கேட்டாளாம். அது பிரகாசு காதுக்கும் போயிடுச்சு. அவன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல மேடம். கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன். மூஞ்சியப் பாத்துப் பேசறத நிறுத்திட்டான். ஒரு நாளு பெட்டிய எறக்கி, மெஷின மாட்டி வெச்சிட்டு, பண்ணுன்னான். தெனம் காலையில கம்பெனி வண்டி வர்றதுக்கு முன்னாடி கதவாண்ட நின்னு எண்ணறான். அம்பது முடிஞ்சாத்தான் கெளம்பறான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையைப் பிடித்திருக்கலாம். கிட்டே உட்கார்ந்திருக்கலாம். நான் கேட்டது இது: "தனக்கோட்டி, மாசாமாசம் வந்துட்டிருக்கா? கடைசியா எப்போ?"

மருத்துவமனையில் யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் நான் கேட்ட விதம் எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டேன்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்களுமா மேடம்?"

மறுக்க முடியவில்லை. "கேக்க வேண்டியது என் வேலைம்மா" என்று ஏதோ சொன்னேன். அவர், "போன வருசத்தோட நின்னு போச்சு. அந்த வயசு வந்துடுச்சு. வேற எந்தக் கதையும் இல்ல. எம் புள்ள மேல சத்தியமா இல்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு நாளாக இந்தப் பெண்ணின் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"மல்லாந்து படுங்க. முந்தானைய எடுத்துடலாமா?" என்று கேட்டேன். தலையசைத்தார். கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. இதைச் செய்ய எனக்கு எட்டு நாள் ஆகியிருக்கிறது.

கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கை குச்சி. கன்னம் ஒட்டியிருந்தது. வயிறு மட்டும் எழும்பி நின்றது. சாப்பிட்டுத் தொப்பை போட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் அது தெரியும். இவருக்கு உடம்பு இளைத்துக்கொண்டே போயிருக்கிறது. தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினேன். மெல்லிசுத் துணி மாதிரி வந்தது. கொழுப்பே இல்லை. பிறகு இடது கையைப் படியவைத்து, வலது கை நடுவிரலால் தட்டினேன். படுத்திருக்கும் வயிற்றின் நடுவில் தட்டினால் பானை மாதிரி ஓசை வரவேண்டும். இவருக்கு நடுவில் மூட்டையைத் தட்டினது போல மந்தமாகக் கேட்டது. இரண்டு விலாவோரமும்தான் பானை ஓசை. குடலை எதுவோ ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை இல்லை. நேராக டாக்டரிடம் போனேன். "சார், என் பேஷண்ட் ஒருத்தங்க. வயித்துல கட்டி இருக்கும்போல."

"பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன் சார். இப்பதான் பாத்தேன்."

அந்த 'இப்பதான்' அவர் காதில் விழுந்தது. என்னை ஒரு நொடி பார்த்தார். எழுந்து வந்தார்.

அவர் பார்த்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. எப்போதிலிருந்து என்று கேட்டார். "போன மழைக்கு முன்ன இருந்தே சார்." சாப்பாடு? "நாலு வாயிலயே நெறஞ்சிடுது." ஒன்றுக்கு? "அடிக்கடி போவுது." எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஸ்கேனுக்கும் ரத்தத்துக்கும் எழுதினார். சிறுநீர் பரிசோதனையும் எழுதினார், கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை. நான் தயங்கினேன். "சார், இது வேணுமா? ஏற்கனவே அவங்க…"

அவர் தனக்கோட்டியைப் பார்த்தே பதில் சொன்னார். "அம்மா, ஆபரேஷன் வரலாம்னு தோணுற எந்தப் பொம்பளைக்கும் நான் இத எழுதுவேன். கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க, எம் பொண்ணாவே இருந்தாலும். உங்க மேல சந்தேகப்பட்டு எழுதல."

"எழுதுங்க சார்" என்றார் தனக்கோட்டி. "நல்லா எழுதுங்க."

சிறுநீர் பரிசோதனை முடிவு முதலில் வந்தது. இல்லை என்று. தனக்கோட்டி அந்தத் தாளைக் கேட்டார். யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்றார் டாக்டர். "யாருக்கும் காட்ட மாட்டேன் சார். எங்கிட்ட இருக்கணும்." டாக்டர் ஒரு நகல் எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஸ்கேனில் சூலகத்திலிருந்து கிளம்பிய நீர்க்கட்டி, வயிறு முழுவதையும் அடைத்துக்கொண்டு தெரிந்தது. நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு: சொந்தக்காரர்களிடம் முதலில் சொல்ல மாட்டார். தனக்கோட்டியை உட்காரவைத்து, படத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அதற்கப்புறம்தான், பாதி ஷிப்டில் வரவழைக்கப்பட்ட பிரகாஷ் உள்ளே வந்தான்.

"உங்கம்மா வயித்துல பெரிய கட்டி இருக்கு. புதுச்சேரிக்கு எழுதித் தர்றேன். நாளைக்கே சேர்த்துடணும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "மெஷினு பண்ணதால வந்துச்சா சார்?"

"இல்ல. அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. ஆனா இவ்ளோ பெரிய கட்டிய வெச்சிக்கிட்டு அப்படி மடங்கி மடங்கி எழுந்தா, அது முறுக்கிக்கலாம், வெடிக்கலாம். ரெண்டும் நடக்கல."

"நான் வேற மாதிரி…" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

தனக்கோட்டி நாற்காலியிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "சொல்லுடா. டாக்டரு இருக்காரு, மேடம் இருக்காங்க. இன்னா நெனச்சேன்னு இங்கயே சொல்லு."

அவன் சுவரோரமாக நின்று அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. டாக்டர் புதுச்சேரிக்கான கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். தனக்கோட்டியின் சீட்டு அவர் மேஜையில் இருந்தது.

"எத்தனை நாளா வர்றாங்க?"

"எட்டு நாள் சார்."

"குப்புறப் படுக்க முடியலன்னு எந்த நாள் சொன்னாங்க?"

"முதல் நாள்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. சீட்டில் முதல் நாளுக்கு நேராக, 'குப்புறப் படுக்க இயலவில்லை. காரணம் விசாரிக்கப்படவில்லை' என்று எழுதி, என் கையெழுத்துக்காக நீட்டினார். போட்டேன்.

கட்டி ஆறு கிலோவுக்கு மேல் இருந்ததாம். பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது கெட்ட கட்டியாக இருந்து, என் எட்டு நாளில் ஏதாவது கைமீறிப் போயிருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். எட்டு நாளில் பெரிதாக மாறியிருக்காது என்றார். ஆனால் பத்தாம் நாள் வலி போய், நீ சீட்டை மூடியிருந்தால், அது எட்டு நாளோடு நின்றிருக்காது என்றும் சொன்னார். முடிவு நல்லதாக வந்தது. சாதாரணக் கட்டிதான்.

நிவேதா, இதுதான் உன் 'ஏன்' என்பதற்கு என் பதில். அந்த மெஷினால் பெரும்பாலும் கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை. ஆனால் வயிறு என்றாலே தொப்பைதான், தொப்பை என்றாலே சோம்பேறித்தனம்தான் என்று அது முதலிலேயே முடிவுகட்டிவிடுகிறது. அதை வாங்குகிறவர்களும் அப்படியே முடிவுகட்டிவிடுகிறார்கள். அதைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நானும் முடிவுகட்டினேன். மெஷினைச் சந்தேகப்பட்ட அளவுக்கு நான் என்னைச் சந்தேகப்படவில்லை. அதனால் யாராவது வாங்கலாமா என்று கேட்டால், விலையையும் பிராண்டையும் பேசாதே. எப்போதிலிருந்து இந்த வயிறு, கை கால் இளைக்கிறதா, பசி எப்படி என்று கேள். மல்லாக்கப் படுக்கவைத்து, கால்மாட்டில் நின்று பார். சாதாரணத் தொப்பைதான் என்றால் தரையைக் காட்டு, நடக்கச் சொல்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து, தனக்கோட்டி என் அறைக்கு வந்தார். வெட்டித் தைத்த வயிற்றுக்கு உண்மையிலேயே பயிற்சி தேவை. அதற்காகப் புதுச்சேரியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. புடவையைச் சாதாரணமாகக் கட்டியிருந்தார். பிரகாஷ் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

முழங்காலை மடக்கிப் படுக்கவைத்தேன். மூச்சை விடும்போது தொப்புளை மெதுவாக முதுகெலும்பு பக்கம் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கையை எடுத்து அவர் வயிற்றின் மேலேயே வைத்து, தசை இறுகுவதை உணரவைத்தேன். இரும்ப வேண்டி வந்தால் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று மாதம் முடியாமல் சுமை தூக்கக்கூடாது என்றேன்.

"பையன் பேசறாரா?"

"பேசறான். கஞ்சி வெச்சித் தர்றான், மாத்திரை எடுத்துத் தர்றான், மெஷினத் தூக்கிப் போட்டுட்டான். நான்தான் இன்னும் சரியாப் பேசல." சிரிக்காமல்தான் சொன்னார். "பேசுவேன். எங்க போவப் போறேன்? இன்னும் கொஞ்ச நாளு ஆவட்டும்."

பத்து நாள் பயிற்சியின் கடைசி நாளில், இரண்டு மாதமாக என் நெஞ்சில் இருந்ததைச் சொன்னேன். "தனக்கோட்டி, அன்னிக்கு நீங்க 'நீங்களுமா'ன்னு கேட்டீங்க. நான் வேலைன்னு சொல்லித் தப்பிச்சுட்டேன். நானும் அப்படித்தான் நினைச்சேன். தப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும் மேடம். கதவப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சு" என்றார். "ஆனா நீங்க வாயத் தொறந்து கேட்டீங்க. அதனால நானும் வாயத் தொறந்து இல்லன்னு சொன்னேன். வேற யாருகிட்டயும் அதச் சொல்ல முடியலயே மேடம். ஒருத்தரும் கேக்கல."